தண்ணீரும் லென்ஸும் சேரக் கூடாது: கண்ணைக் காக்க எல்லோருக்கும் ஒரு பங்கு

சிங்கப்பூர் கற்றுத்தந்த பாடம்

2006 பிப்ரவரியில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம் காண்டாக்ட் லென்ஸ் அணிவோரை எச்சரித்தது. 'ஃபியூசேரியம்' என்ற பூஞ்சை கருவிழியைத் தாக்கும் நிகழ்வுகள் அங்கே வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருந்தன. நம் ஊர்க் கண் மருத்துவர்களுக்கு இந்தப் பூஞ்சை புதிதல்ல. மண்ணிலும் பயிரிலும் வாழ்வது அது. கதிரறுக்கும்போது நெல் தாள் கீறினாலோ, கரும்புச் சோகை உரசினாலோ, மாட்டின் வால் கண்ணில் அடித்தாலோ அந்தக் காயத்தின் வழியே உழவரின் கருவிழிக்குள் புகுந்து புண்ணாக்கிவிடும். அடுக்குமாடிகளில் வாழ்ந்து, அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போய்வரும் சிங்கப்பூர் இளைஞர்களின் கண்ணுக்குள் அது எப்படி வந்தது?

2005 மார்ச் முதல் 2006 மே வரை அங்கே 66 பேருக்கு இந்தத் தொற்று கண்டறியப்பட்டது. அநேகமாக எல்லோரும் மென்மையான லென்ஸ் அணிந்தவர்கள். தொற்று முற்றிய சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையை அவசரமாகச் செய்ய வேண்டிவந்தது. ஹாங்காங்கிலும் இதே நிலை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு கண் மருத்துவர், சில மாதங்களுக்குள் தன்னிடம் இப்படி மூன்று நோயாளிகள் வந்திருப்பதைக் கவனித்து, 2006 மார்ச்சில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்தார். அதன்பின் நடந்த விசாரணையில் 164 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கருவிழியை மாற்ற வேண்டியிருந்தது.

மூன்று இடங்களிலும் தடயம் ஒரே பொருளில் போய் நின்றது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பயன்படுத்தியது பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தின் 'ரெனு வித் மாய்ஸ்ச்சர்லாக்' என்ற லென்ஸ் சொல்யூஷன். லென்ஸை ஈரப்பதத்தோடு வைத்திருப்பதற்காக அதில் சேர்த்த பொருள்களே, டப்பாவில் திரவம் காயும்போது பூஞ்சைக்கு மறைவிடமாகியிருக்கக்கூடும் என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்லின. அதிலிருந்த கிருமிநாசினி வெப்பத்தில் வீரியம் குறைவதும் தெரியவந்தது. 2006 மே மாதம் அந்தப் பொருள் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் சிங்கப்பூர் ஆய்வு இன்னொன்றையும் பதிவுசெய்தது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோரிடம் லென்ஸைப் பராமரிப்பதில் தவறான பழக்கங்கள் இருந்தன. கெடு முடிந்த லென்ஸைத் தொடர்ந்து அணிந்தவர்கள் இருந்தார்கள். லென்ஸோடு தூங்கியவர்களும் இருந்தார்கள்.

அப்படியானால் பிழை யாருடையது? தயாரித்தவருடையதா, அணிந்தவருடையதா? இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை தேடினால் அடுத்த தொற்றைத் தடுக்க முடியாது. கண்ணுக்கும் கிருமிக்கும் நடுவில் பல காவல்கள் இருக்கின்றன: நல்ல பொருள், சரியான அறிவுரை, சுத்தமான பழக்கம், விழிப்பான மருத்துவம், கண்காணிக்கும் அரசு. ஒரு காவல் தவறினால் மற்றொன்று தாங்கும். எல்லாம் ஒரே சமயத்தில் தவறும்போதுதான் பார்வை போகிறது. எனவே இந்தப் பொறுப்பை அணிபவரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமுமில்லை, பலன் தருவதுமில்லை. லென்ஸோடு தொடர்புள்ள ஒவ்வொருவரும் தம் பங்கை ஏற்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

குழாய்த் தண்ணீரில் வாழும் எதிரி

பூஞ்சையைவிட அரிதான, அதைவிடக் கொடிய இன்னொரு கிருமி உண்டு. 'அகந்தமீபா' என்ற ஒற்றை உயிரணு அமீபா. குளம், கிணறு, நீச்சல் குளம், குழாய்த் தண்ணீர், ஈர மண் என எங்கும் வாழ்வது. நாம் அன்றாடம் அதைத் தொட்டும், குடித்தும் வருகிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. கண்ணீரும் இமைத்தலும் கருவிழியின் மேல்தோலும் சேர்ந்து அதை அண்டவிடுவதில்லை. காண்டாக்ட் லென்ஸ் இந்தப் பாதுகாப்பைக் குலைக்கிறது. கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லை; அது காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் ஆக்ஸிஜன் பெறுகிறது. லென்ஸ் அந்த வரத்தைக் குறைக்கிறது, கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகளை உண்டாக்குகிறது, அமீபாவைக் கருவிழியின் மேலேயே பல மணி நேரம் ஒட்டவைத்துக்கொண்டும் இருக்கிறது.

இந்த அமீபாவுக்கு ஒரு தற்காப்பு உத்தி உண்டு. சூழல் பாதகமானால் இரட்டைச் சுவர் கொண்ட கூட்டுக்குள் ஒடுங்கிவிடும். தண்ணீரில் கலக்கும் குளோரின் அந்தக் கூட்டை எளிதில் துளைப்பதில்லை. வறட்சியைத் தாங்கி நெடுங்காலம் கிடந்து, சாதகமான சூழல் வந்ததும் மீண்டும் உயிர்த்தெழும். அதற்கு உணவு பாக்டீரியா. கழுவாமல், உலர்த்தாமல் மாதக்கணக்கில் புழங்கும் லென்ஸ் டப்பாவின் அடியில் விரலால் தடவினால் ஒரு வழவழப்பு தட்டுப்படும். அது பாக்டீரியாக்கள் கட்டிய மெல்லிய படலம். அமீபாவுக்கு அங்கே தங்க இடமும் தின்ன உணவும் ஒருசேரக் கிடைக்கின்றன.

கருவிழிக்குள் அது நுழைந்துவிட்டால் வலி பொறுக்க முடியாததாக இருக்கும். பார்ப்பதற்குக் கண் லேசாகச் சிவந்திருக்கும். நோயாளியோ வலியில் துடிப்பார். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. தொடக்கத்தில் அக்கி வகைக் கிருமியால் வரும் கண் தொற்று போலவே தோற்றமளிப்பதால், மருத்துவர்களும் தவறாகக் கணித்துவிடுவதுண்டு. அதில் கழியும் ஒவ்வொரு வாரமும் பார்வையைத் தின்கிறது. சரியாகக் கண்டறிந்த பிறகும் சிகிச்சை எளிதல்ல. முதல் சில நாள்கள் இரவும் பகலும் மணிக்கொரு முறை சொட்டு மருந்து விட வேண்டும். பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், மருந்து தொடரும். இந்நோய் மருத்துவ உலகில் பதிவானது 1970-களில். இதற்கென்றே உருவான முதல் மருந்தான 0.08 சதவீத பாலிஹெக்ஸனைடு சொட்டு மருந்துக்கு ஐரோப்பாவில் முறையான ஒப்புதல் கிடைத்தது 2024-இல்தான். அரிய நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதில் சந்தை காட்டும் வேகம் இவ்வளவுதான். ஆகவே வருமுன் காப்பதே நமக்குக் கைகொடுக்கும்.

லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கே 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 8 முதல் 10 பேர் வரை இந்த நோயோடு வந்தார்கள். பின்னாளில் அது ஆண்டுக்கு 36 முதல் 65 வரை உயர்ந்தது. 2018-இல் வெளியான ஆய்வு, தென்கிழக்கு இங்கிலாந்தில் 2011-க்குப் பிறகு நோய் சுமார் மூன்று மடங்காகியிருப்பதைக் காட்டியது. பாதிக்கப்பட்டோரில் கால்வாசிப் பேருக்குக் கருவிழி மாற்று தேவைப்பட்டது. லென்ஸோடு நீச்சல் குளத்தில் இறங்குவது, குளிப்பது, கை கழுவித் துடைக்காமல் லென்ஸைத் தொடுவது, குறிப்பிட்ட ஒரு சொல்யூஷனைப் பயன்படுத்தியது ஆகியவை காரணங்களாகத் தெரிந்தன. இங்கேயும் பொருளும் பழக்கமும் கைகோத்தே வந்தன.

பிரிட்டனில் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் இன்னொரு காரணம் நம்மை நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். அந்நாட்டில் பல வீடுகளில் தண்ணீர் நேரடியாகக் குழாய்க்கு வருவதில்லை. கூரைக்கு அடியில் உள்ள தொட்டியில் தேங்கி, அங்கிருந்து இறங்கிவருகிறது. தேங்கும் தொட்டியில் படிவு சேரும், படிவில் அமீபா வளரும். தமிழ்நாட்டில் சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குளியலறைக்கு இறக்கும் வீடுகள் எத்தனை! தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. குடிக்க உகந்த தண்ணீர் வேறு, கண்ணுக்குள் வைக்கும் பொருளைக் கழுவ உகந்த திரவம் வேறு. ஆர்ஓ தண்ணீரும் கேன் தண்ணீரும்கூடக் கிருமி முற்றிலும் நீக்கப்பட்டவை அல்ல.

நம் மண்ணின் நிலவரம்

தமிழ்நாட்டுக்குக் கருவிழிப் புண் ஒரு பழைய துயரம். மதுரை மாவட்டத்தில் நடந்து 1996-இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவில் கிடைத்த கணக்கைப் போல் இது பத்து மடங்கு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சையே காரணம் என்று தெரிந்தது. அகந்தமீபாவும் நம்மிடம் உண்டு. ஆனால் இந்தியாவில் அது பெரும்பாலும் லென்ஸ் அணியாதவர்களுக்கே, மண்ணோ தூசியோ அழுக்குத் தண்ணீரோ கண்ணில் பட்டதால், வந்திருக்கிறது.

இதில் நமக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. இந்தக் கிருமிகளை அடையாளம் காண்பதிலும் குணப்படுத்துவதிலும் நம் கருவிழி நிபுணர்களுக்கு உள்ள அனுபவம் உலகில் பலருக்குக் கிடையாது. பூஞ்சைப் புண்ணுக்கு நட்டமைசின் சொட்டு மருந்தே மேலானது என்பதை நிலைநாட்டி 2013-இல் வெளியான ஆய்வு, அரவிந்த் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து இங்கேதான் நடத்தின. இது சாதகம். ஏற்கெனவே நம் மண்ணிலும் நீரிலும் நிறைந்திருக்கும் கிருமிகளுக்கு, நகரத்து இளைஞர்களின் கண்ணில் புதிய வாசல் ஒன்றைத் திறந்துவிடுகிறோம் என்பது பாதகம். வயல் காயத்தால் வந்த நோய்க்கு, லென்ஸ் டப்பாவும் குளியலறையும் அடுத்த வழியாகிவிடக் கூடாது.

அச்சம் வேண்டாம். காண்டாக்ட் லென்ஸ் மனிதருக்குப் பெரும் உதவி. கருவிழி கூம்பிப்போகும் நோய் உள்ளவர்களுக்குக் கண்ணாடி தராத தெளிவை லென்ஸ் தருகிறது. பிறவிக் கண்புரைக்கு அறுவை செய்த கைக்குழந்தைகளுக்கும் அது பார்வையை வளர்க்கிறது. விளையாட்டிலும் நடனத்திலும் இருப்பவர்களுக்கு வசதி. ஆஸ்திரேலியாவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வின்படி, மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் அணிபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்குச் சுமார் 2 பேருக்கே கருவிழித் தொற்று வருகிறது. அதே லென்ஸோடு தூங்குபவர்களில் பத்தாயிரத்துக்குச் சுமார் 20 பேருக்கு வருகிறது. பொருள் ஒன்றுதான், கண்ணும் ஒன்றுதான். ஒரு பழக்கம் ஆபத்தைப் பத்து மடங்காக்குகிறது. நோய் அரிது என்பது ஆறுதல். ஆனால் வந்தவருக்கு அது அரிதல்ல. காலையில் கண்ணாடி முன் நின்று லென்ஸ் மாட்டிய இருபது வயதுப் பிள்ளை சில வாரங்களில் ஒரு கண்ணின் பார்வையை இழப்பதற்கு எந்த எண்ணிக்கையும் ஆறுதல் சொல்லாது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தவறும்போது

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014-இல் லென்ஸ் அணியும் பெரியவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அவர்களில் 99 சதவீதம் பேர் தொற்றுக்கு இடம் தரும் ஏதேனும் ஒரு பழக்கத்தை ஒப்புக்கொண்டார்கள். லென்ஸோடு தூங்கியவர்கள், குளித்தவர்கள், நேற்றைய சொல்யூஷன் மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றிக்கொண்டவர்கள், டப்பாவை மாற்றாதவர்கள் எல்லாம் அதில் அடக்கம். மூன்றில் ஒருவர், கண் சிவந்தோ வலித்தோ ஒரு முறையேனும் மருத்துவரிடம் போயிருந்தார்.

இந்த எண்ணிக்கையைப் பார்த்து, 'மக்களுக்கு அக்கறை இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரும் ஒரு விதியை மீறுகிறார்கள் என்றால், அந்த விதி அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். லென்ஸ் விற்ற அன்று ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்ததோடு சரி. பிறகு யாரும் நினைவூட்டவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், அச்சிட்டதை யார் படிப்பார்கள்? 'தேய்க்கவே வேண்டாம், ஊறவைத்தால் போதும்' என்று ஒரு காலத்தில் சொல்யூஷன்களை விளம்பரப்படுத்தியவர்களும் நிறுவனங்களே. 2006, 2007 தொற்றுகளுக்குப் பிறகுதான், தேய்த்து அலசுவதே பாதுகாப்பு என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வலியுறுத்தத் தொடங்கியது. அந்த நாள்களில் சொல்யூஷன்கள் சந்தைக்கு வருமுன் தேற வேண்டிய சோதனைகளில் அகந்தமீபா சேர்க்கப்பட்டிருக்கவே இல்லை. 2007 மே மாதம் ஏஎம்ஓ நிறுவனத்தின் 'கம்ப்ளீட் மாய்ஸ்ச்சர்பிளஸ்' என்ற சொல்யூஷன் அகந்தமீபா தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. அணிபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தக் குறைகளை அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே பங்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அணிபவரும் குடும்பமும்

லென்ஸ் அணிபவரின் பங்கு முதன்மையானது. அதைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். சோப்பு போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, கை முற்றிலும் உலர்ந்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். லென்ஸையோ டப்பாவையோ தண்ணீரில் கழுவக் கூடாது. குளிக்கும்போதும் நீந்தும்போதும் முகம் கழுவும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது. தூங்கும் முன் கழற்றிவிட வேண்டும்; மதியம் கண்ணயர்வதும் பேருந்தில் உறங்குவதும் தூக்கமே. பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். டப்பாவைச் சொல்யூஷனால் அலசித் துடைத்து, கவிழ்த்து உலரவைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டப்பா இருக்க வேண்டிய இடம் குளியலறை அலமாரி அல்ல. ஈரம் படாத மேசை. கையில் எப்போதும் ஒரு கண்ணாடியும் இருக்க வேண்டும். அது இல்லாதவர்களே கண் உறுத்தும்போதும் லென்ஸைக் கழற்றாமல் சமாளிக்கிறார்கள். வசதி உள்ளவர்களுக்குத் தினமும் புதிதாகப் போட்டு அன்றே எறியும் லென்ஸ் நல்லது. அதற்கு டப்பாவும் வேண்டாம், சொல்யூஷனும் வேண்டாம்.

வீட்டிலிருப்பவர்களின் பங்கும் சிறியதல்ல. கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, பன்னீரில் கழுவுவது என்று அன்போடு செய்யும் கைவைத்தியங்கள் நம்மிடம் உண்டு. லென்ஸ் அணிந்த கண் சிவந்தால் இவை எதுவும் வேண்டாம். லென்ஸைக் கழற்றி, அதை டப்பாவோடு எடுத்துக்கொண்டு, அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவை எடுத்துப்போவது முக்கியம். கருவிழியில் கிடைக்காத கிருமி சில வேளை டப்பாவில் கிடைக்கும்.

விற்பவரும் அலங்கரிப்பவரும்

கண்ணாடிக் கடைகளில் இருப்பவர்களே அணிபவரோடு மிக அதிகம் பேசுபவர்கள். லென்ஸைக் கொடுக்கும்போது, போடவும் கழற்றவும் சுத்தம் செய்யவும் அவரையே செய்து காட்டச் சொல்லி, சரியாகச் செய்த பிறகு கொடுப்பது கடமை. அடுத்த பெட்டி வாங்க வரும்போதெல்லாம் 'டப்பாவை எப்போது மாற்றினீர்கள், லென்ஸோடு குளிக்கிறீர்களா?' என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். இணையத்தில் விற்பவர்கள் இந்தக் கேள்விகளைத் திரையில் கேட்கலாம்.

அடுத்தது கலர் லென்ஸ். கல்யாண ஒப்பனையில் அது இன்று புழக்கத்துக்கு வந்துவிட்டது. வரவேற்புக்கு முன் மணப்பெண்ணை உட்காரவைத்து, ஒப்பனைக் கலைஞர் சாம்பல் நிறமோ தேன் நிறமோ ஒரு ஜோடியை எடுத்து மாட்டிவிடுகிறார். அந்தப் பெண்ணின் கண்ணை எந்த மருத்துவரும் பார்த்திருக்க மாட்டார். பவர் இல்லாததால் அது லென்ஸே அல்ல, வெறும் அலங்காரம் என்ற எண்ணம். அன்றிரவு களைப்பில் அப்படியே தூங்கிவிடுவதும், மறுநாள் ஹோமப் புகையில் கண்ணைக் கசக்குவதும், ஒருவர் போட்ட ஜோடியை இன்னொருவருக்குப் போடுவதும் ஆபத்தானவை. ஒருவர் கண்ணில் இருந்த லென்ஸை இன்னொருவர் கண்ணில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2005 முதல் பவர் இல்லாத அலங்கார லென்ஸும் சட்டப்படி மருத்துவச் சாதனமே. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. நம் ஒப்பனைக் கலைஞர்களின் சங்கங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 'மணப்பெண் கண் பரிசோதனை செய்து, தமக்கென வாங்கிய புதிய லென்ஸ் இருந்தால் மட்டும் போடுவோம். இரவு கழற்றாமல் விடமாட்டோம்' என்று தாங்களே முடிவெடுக்கலாம். பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமாகவே இதைச் சொல்லலாம்.

மருந்துக் கடையும் மருத்துவரும்

"அண்ணே, கண்ணு உறுத்துது, ஒரு டிராப்ஸ் குடுங்க." எந்த மருந்துக் கடையிலும் தினமும் கேட்கும் குரல் இது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தும் உண்டு. போட்டவுடன் சிவப்பு குறையும், உறுத்தல் அடங்கும், மருந்து நல்ல மருந்து என்ற பெயரும் வரும். உள்ளே நடப்பது வேறு. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பைத் தணிக்கிறது; பூஞ்சையும் அமீபாவும் தடையின்றிப் பரவுகின்றன. நோயாளி மருத்துவரிடம் வரும்போது புண் ஆழமாகியிருக்கும். ஸ்டீராய்டு சொட்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அதை மதித்து, 'லென்ஸ் போடுவீங்களா தம்பி? அப்படின்னா மருந்து வேண்டாம், கண் டாக்டரைப் பாருங்க' என்று சொல்லும் கடைக்காரர் ஒரு கண்ணைக் காப்பாற்றியவர் ஆகிறார்.

பொது மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிவந்த கண்ணோடு வருபவரிடம் லென்ஸ் அணிவாரா என்று கேட்பது வழக்கமாக வேண்டும். அணிபவர் என்றால் சாதாரண 'மெட்ராஸ் ஐ' என்று முடிவுகட்டாமல் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். லென்ஸ் தொற்றுகளில் அதிகம் காணப்படும் 'சூடோமோனாஸ்' பாக்டீரியா ஓரிரு நாளில் கருவிழியை அரித்துவிடக்கூடியது. கண் மருத்துவர்களும் மருந்து தொடங்கும் முன் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளி விட்டுப் பார்க்கும் எளிய சோதனையே பூஞ்சையைக் காட்டிக்கொடுக்கும்; பயிற்சி பெற்ற கண்ணுக்கு அமீபாவின் கூடும் தெரியும். வழக்கமான மருந்தில் தேறாத புண் என்றால், தாமதிக்காமல் கருவிழி நிபுணர் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. கருவிழி மாற்றுக்குத் தேவைப்படும் கண்கள் தானமாக வருபவை. இறந்தவரின் உறவினர்கள் துக்கத்தின் நடுவே கொடுக்கும் கொடை அது. தேவைக்கு அது எப்போதும் போதுவதில்லை. தவிர்க்கக்கூடிய தொற்றால் கெட்ட கண்ணுக்கு ஒரு கருவிழி செலவாகும்போது, வரிசையில் காத்திருக்கும் இன்னொருவரின் நாள் தள்ளிப்போகிறது. ஆகவே லென்ஸ் சுகாதாரம் தனிப்பட்ட விஷயம் மட்டுமல்ல.

நிறுவனமும் அரசும்

பிரிட்டனில் அகந்தமீபாவால் ஒரு கண்ணின் பார்வையை இழந்த பெண் ஒருவர், லென்ஸ் பெட்டிகளில் தண்ணீர் பற்றிய எச்சரிக்கை இல்லையே என்று கேட்டுப் பிரசாரத்தில் இறங்கினார். குழாயின் மீது குறுக்குக் கோடு போட்ட எளிய படம், ஒட்டுவதற்கு ஏற்ற வில்லையாக, பிரிட்டிஷ் காண்டாக்ட் லென்ஸ் சங்கத்தின் வழியே லென்ஸ் வழங்குவோரிடம் போய்ச் சேர்ந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் படம். இதை இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு லென்ஸ் பெட்டியிலும், டப்பாவின் மூடியிலும், சொல்யூஷன் பாட்டிலிலும் அச்சிட நிறுவனங்களுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். கூடவே தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், நான்கு வரி அறிவுரை வேண்டும். தங்கள் சொல்யூஷன் அகந்தமீபாவின் கூட்டை அழிக்குமா என்ற சோதனை முடிவையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அரசிடம் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் மருத்துவச் சாதனங்கள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய 2015-இல் தொடங்கிய தேசியத் திட்டம் இருக்கிறது. கண் பரிசோதகர்கள் உள்ளிட்ட மருத்துவ உதவிப் பணியாளர்களின் தகுதியை வரையறுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. குறை, இவற்றை இணைப்பதில் இருக்கிறது. லென்ஸ் தொடர்பான கருவிழித் தொற்று ஒவ்வொன்றையும் மருத்துவமனைகள் பதிவுசெய்து, எந்த லென்ஸ், எந்தச் சொல்யூஷன் என்ற விவரத்தோடு அனுப்பினால், நியூ ஜெர்சி மருத்துவர் கவனித்ததை நம் மாவட்ட மருத்துவமனை ஒன்றும் கவனிக்கும். அன்று மூன்று நோயாளிகளை ஒருவர் பொருட்படுத்தியதால்தான் அமெரிக்க விசாரணை தொடங்கியது. பவர் இல்லாத கலர் லென்ஸ் பரிசோதனையின்றி விற்பதற்கும் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

கல்லூரிகளும் விடுதிகளும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். விடுதிக் கழுவுமிடத்தின் கண்ணாடியில் அந்தத் தண்ணீர்ப் படத்தை ஒட்டினால், லென்ஸ் மாட்டும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் படும். இரவுப் பணி பார்ப்பவர்கள் லென்ஸோடு சாய்ந்து உறங்குவது இயல்பு. பணியிட மருத்துவ முகாம்களில் இதைப் பேச வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் தண்ணீர்த் தொட்டியைக் கெடு வைத்துக் கழுவினால் எல்லோருக்கும் நன்மை.

நம்மால் முடியும் என்பதற்குச் சான்று

இவ்வளவு பேர் ஒன்றுசேர்வது நடக்கிற காரியமா என்று தோன்றலாம். நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. மதுரை வட்டாரக் கிராமங்களில், கண்ணில் தாளோ தூசியோ பட்டுக் கருவிழி கீறியவர்களை உடனே கண்டறிந்து மருந்து போட, உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் கையில் நீல ஒளி விளக்கும், கீறலைப் பச்சையாகக் காட்டும் சாயத் தாளும், களிம்பும் மட்டுமே. காயம்பட்டவர் காலம் தாழ்த்தாமல் வர வேண்டும் என்பதை ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள். அப்படி வந்தவர்களின் கீறல்கள் அநேகமாக எல்லாம் புண்ணாகாமல் ஆறின. 2006-இல் வெளியான இந்த ஆய்வை உலகக் கண் மருத்துவம் கவனித்தது. அங்கே வேலை செய்தது விலையுயர்ந்த கருவி அல்ல. உழவர், தன்னார்வலர், மருத்துவமனை என்று ஒவ்வொருவரும் தம் பங்கை நேரத்தோடு செய்ததுதான்.

வயலில் சாத்தியமானது நகரத்தில் இன்னும் எளிது. இங்கே படித்தவர்கள் அதிகம், கடைகளும் மருத்துவமனைகளும் அருகில் இருக்கின்றன, செய்தி ஒரு நொடியில் பரவுகிறது. தேவைப்படுவது உடன்பாடு. தண்ணீரும் லென்ஸும் சேரக் கூடாது என்று அணிபவர் உறுதி கொள்ளட்டும். சொல்லிக்கொடுக்காமல் விற்பதில்லை என்று கடைக்காரர் உறுதி கொள்ளட்டும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கொடுப்பதில்லை என்று மருந்துக் கடைக்காரரும், கேட்காமல், சோதிக்காமல் மருந்தெழுதுவதில்லை என்று மருத்துவரும், எச்சரிக்கையை மறைவாக அச்சிடுவதில்லை என்று நிறுவனமும், பதிவுசெய்யாமல் விடுவதில்லை என்று அரசும் உறுதி கொள்ளட்டும். கண் மருத்துவர் சங்கங்கள், கண்ணாடிக் கடைக்காரர் சங்கங்கள், மருந்து வணிகர் சங்கங்கள், ஒப்பனைக் கலைஞர் சங்கங்கள், சுகாதாரத் துறை ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து இந்த ஆறு உறுதிகளையும் எழுத்தில் ஏற்க வேண்டும். அதற்கு முதல் அழைப்பை விடுக்கும் பொறுப்பு சுகாதாரத் துறையுடையது. அந்த அழைப்பு இந்த ஆண்டே வரட்டும்.